அடியில் வச்ச சீட்டு

இதே பெஞ்சுதான். அன்னைக்கும் இதே பெஞ்சு, இதே ஓரம், முதுகுக்குப் பின்னால இதே சுவரு. சாஞ்சா சுண்ணாம்பு ஒட்டும்னு தெரியும், அதனால சாயாம நிமிந்து ஒக்காந்திருக்கேன், கஞ்சி போட்ட சேலை கசங்காம. கோர்ட்டுக்கு வாரவன் பூரா தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரான், செத்த வீட்டுக்கு வந்த மாதிரி. நான் எதுக்குத் தொங்கப் போடணும்? நான் யார் சொத்தையும் எடுக்கல, யாரையும் ஏமாத்தல. தாலுகா ஆஸ்பத்திரியில முப்பது வருசத்துக்கு மேல ஓ.பி. சிஸ்டரா இருந்தவ. ஜெபக்கனி சிஸ்டர்னா இந்த ஊர்ல பஸ்ஸை நிப்பாட்டி ஏத்திட்டுப் போவான். இந்தா, எதுத்தாப்புல தூணுகிட்ட நிக்கானே கட்டம் போட்ட சட்டை, அவனுக்கு நாய்க்கடி ஊசி போட்டதே நான்தான், வயித்தைக் காட்டமாட்டேன்னு என் கையைக் கடிச்சான். இப்ப பெரிய மனுசனா காதுல பேனா சொருகிக்கிட்டு நிக்கான். நிக்கட்டும். உள்ள ஃபேன் ஓடுத சத்தம் கேக்கு. வாசல்ல டவாலி வந்து நிக்காரு, வெள்ளைச் சட்டை, குறுக்க சிவப்புப் பட்டை, வயித்துல பித்தளை வில்லை. வாயைத் திறக்காரு. "சங்கரபாண்டி... சங்கரபாண்டி... சங்கரபாண்டி." சங்கரபாண்டி விழுந்தடிச்சு ஓடுதாரு, செருப்பை வாசல்ல உதறிட்டு. தலையெல்லாம் நரைச்ச மனுசன். ஒரு 'ஐயா' போட்டாத்தான் என்னவாம், வாய் வலிக்குமா?

வேண்டாம், அதை இப்ப நினைக்கக் கூடாது. லீதியா காலையில சொன்னா, "அக்கா, உன் பெருமையை மடிச்சு பீரோவுல வச்சிட்டுப் போ, சாயந்தரம் வந்து எடுத்துக் கட்டிக்கிடலாம்"னு. ஏட்டி, யார்கிட்ட பேசுதன்னு கேட்டேன். அவ சிரிக்கா. தையல் ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டே சிரிப்பா, பாக்கிற எனக்குத்தான் பதறும். என் தங்கச்சி. ரெண்டு வயசுல வந்த இளம்பிள்ளை வாதம், ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. அவளுக்குன்னு நான் கட்டின ரூமு அது, வீட்டை ஒட்டி, தெருவைப் பாக்க. வாசல்ல படி கிடையாது, சரிவு. அவ சக்கர வண்டி அப்படியே வழுக்கிக்கிட்டு உள்ள போவும், வெளிய வரும், ஒருத்தர் தூக்கிவிட வேண்டாம். ஜன்னலை எங்க வைக்கன்னு கொத்தனார் கேட்டப்ப அவளை நாற்காலியில ஒக்கார வச்சு, அவ முகத்துக்கு நேரா சுவத்துல கரிக்கோடு போட்டேன். என்னம்மா இது, இடுப்பு உயரத்துல ஜன்னலான்னாரு. ஆமா, நீரு நின்னா இடுப்பு, அவ இருந்தா முகம், வையும்னேன். அந்த ஜன்னல் வழியா அவ ஜாக்கெட்டுத் துணி வாங்குதா, தச்சுக் குடுக்கா, போற வாரவளை எல்லாம் கிண்டல் பண்ணுதா, தெருவுக்கே அவதான் ரேடியோ. அந்த ரூமைத்தான் இடிக்கணும்னு தீர்ப்பு. பக்கத்து வீட்டு உரக்கடை தனபாலன் போட்ட கேசு. ரூமு அவன் சந்துக்குள்ள வந்திருக்காம், இடிச்சுத் தரணுமாம். இடத்தை அளக்கல, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நான் வரலன்னு சொல்லி ஒருதலையா தீர்ப்பாயிட்டுது. அது ஆனதே எனக்கு எப்படித் தெரியும்? தனபாலன் தெருவுக்கே அல்வா குடுத்தான். எங்க வீட்டுக்கும் ஒரு பொட்டலம் குடுத்து விட்டான், பாருங்க அந்தத் திமிரை. லீதியா வாயில போட்டுட்டு, "நெய் காணாது"ன்னா. பிறகுதான் எதுக்கு அல்வான்னு விசாரிச்சோம். கையைக் கழுவுனேன், கழுவுனேன், அந்தப் பிசுக்கு போவே மாட்டேங்குது.

அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுங்கன்னு கேக்கத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். மனு போட்டாச்சு. இன்னைக்குக் கூண்டுல ஏறி, அன்னைக்கு ஏன் வரலன்னு நான் சொல்லணும். காரணம் நியாயமா இருந்தா கேசு முதல்லேர்ந்து நடக்கும். இல்லன்னா ரூமை இடிக்கக் கோர்ட்டு அமீனா வருவாரு, கடப்பாரையோட. இவ்வளவுதான் சமாச்சாரம். வக்கீல் சுயம்புலிங்கம் இருக்காரே, நல்ல மனுசன், அவரு மனுவை எழுதிக் கொண்டாந்து வாசிச்சாரு: "மனுதாரர் மஞ்சள் காமாலை நோயால் பீடிக்கப்பட்டு, படுத்த படுக்கையாக இருந்து, நாட்டு வைத்தியம் பார்த்து வந்தபடியால்." நிப்பாட்டும்யான்னேன். யாருக்குக் காமாலை? "இது வழக்கமா போடுததுதான்க்கா. நம்ம தாலுகாவுல வாய்தாவுக்கு வராதவன் பூரா காமாலைக்காரன்தான். எதிர்க்கட்சி வக்கீலே கேக்க மாட்டாரு, நாளைக்கு அவரு கட்சிக்காரனுக்கும் வேணும்லா." அப்படியா, அப்படிப் பாத்தா இந்த வராண்டாவுல பாதிப்பேரு கண்ணு மஞ்சளா இருக்கணுமே! கீழ் இமையை இழுத்துக் காட்டினேன், பாரும், நல்லாப் பாரும், இதுல எங்க மஞ்சள் இருக்குன்னு. எத்தனை பேரு கண்ணை இழுத்துப் பாத்து, டாக்டர் வாரதுக்கு முன்னாலயே இது காமாலைன்னு சொல்லி வார்டுக்கு அனுப்பினவ நான். கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சிட்டு முத்தின பிறகு தூக்கிட்டு வாரவங்களை ஏசு ஏசுன்னு ஏசினவ. நான் போய் நாட்டு வைத்தியம் பாத்தேன்னு கையெழுத்துப் போடணுமா? அந்த ஆஸ்பத்திரி வாசல்ல பிறகு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்? சுயம்புலிங்கம் தலையைச் சொறிஞ்சிட்டு, காமாலையை அடிச்சிட்டு, "தவிர்க்க இயலாத காரணத்தால்"னு எழுதினாரு. அதுக்குக் கையெழுத்துப் போட்டேன். "ஆனா அக்கா, அது என்ன காரணம்னு கூண்டுல கேப்பாங்க. மேலுக்குச் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. போதும்." ஒரு வார்த்தை. எனக்குக் காய்ச்சல்கூட வந்தது கிடையாது. வந்தாலும் மாத்திரையைப் போட்டுட்டு டூட்டிக்குப் போனவ.

ஏன்னா அன்னைக்கு நான் வந்திருந்தேன். அதுதான சங்கதியே. இங்கதான் இருந்தேன், இதே பெஞ்சுல, கோர்ட்டு கூடுததுக்கு முன்னாலயே, பத்திரம், பிளான் எல்லாம் பையில வச்சுக்கிட்டு. வக்கீல் எதுக்கு, உண்மையைச் சொல்ல வாய் இருக்குன்னு நினைச்சேன். வராண்டா பூரா தெரிஞ்ச மூஞ்சி. சிஸ்டர் நீங்க எங்க இங்கன்னு ரெண்டு பேரு எந்திரிச்சு இடம் குடுத்தாவ. தனபாலன் அந்தக் கோடியில நின்னு பாக்கான். அப்பதான் டவாலி வந்து நின்னாரு. "ஜெபக்கனி." வெறும் ஜெபக்கனி. எனக்குச் சட்டுன்னு அது நான்னே தோணல. என்னை அப்படிக் கூப்பிட்டவங்க எங்க அம்மையும் அப்பாவும்தான், அவங்க ரெண்டு பேரும் கல்லறையில இருக்காவ. "ஜெபக்கனி." இந்தத் தடவை நல்லாப் பட்டுது. ஆட்டைத் தேடுத மாதிரி. வராண்டாவே என்னைப் பாக்கு, தனபாலன் உதட்டைச் சுழிச்சுக்கிட்டு நிக்கான். முகம் சூடாயிட்டுது. எந்திரிக்க மாட்டேன்னு ஒக்காந்துட்டேன். மரியாதையா ஒரு தரம் கூப்பிடட்டும், எந்திரிக்கேன். "ஜெபக்கனி." மூணு. டவாலி உள்ள போயிட்டாரு. போவட்டும், சீட்டு எங்க போயிரும், அடியில வச்சு கடைசியில கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். ஓ.பி.யில நான் அப்படித்தானே பண்ணுவேன். வந்தவங்க சீட்டை வரிசையா அடுக்கி, "வேலம்மாள் அம்மா வாங்க, கொம்பையா ஐயா வாங்க"ன்னு கூப்பிடுவேன். ஆள் வரலன்னா தூரப் போட மாட்டேன், அந்தக் கட்டுக்கு அடியில சொருகிருவேன். கடைசியில மறுபடியும் அவுகளுக்குத்தான் முறை. ஒண்ணுக்குப் போயிருப்பாவ, பிள்ளைக்குப் பன் வாங்கப் போயிருப்பாவ, மயங்கிக் கெடப்பாவ, என்னமும் இருக்கும். எனக்குக் கீழ வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கும் அதைத்தான் பழக்கினேன். ஒரு அரசாங்க இடத்துல அப்படின்னா இன்னொரு அரசாங்க இடத்துலயும் அப்படித்தானே இருக்கும்? இருக்காதாம். கோர்ட்டுல அடின்னு ஒண்ணு கிடையாதாம். மூணு தரம் கூப்பிட்டு வரலன்னா ஆள் இல்லதானாம். நான் அது தெரியாம பொழுது சாயுத மட்டும் இருந்தேன். டவாலியே வந்து, "எந்திரிங்கம்மா, சாத்தணும்"னாரு. கதவைச் சாத்துதப்ப மட்டும் அம்மா வருது.

எங்க அம்மை அந்தக் காலத்துல இப்படி ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுலதான் நின்னா. லீதியாவுக்குக் காய்ச்சல் கொதிக்கு, தோள்ல போட்டுக்கிட்டு நிக்கா, நான் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எங்களுக்கு முன்னால சரியான கூட்டம். பிள்ளை தண்ணி தண்ணிங்கு. அம்மை குழாயடிக்குப் போனா, என்னையும் இழுத்துக்கிட்டு. திரும்பி வாரப்ப எங்க சீட்டு தரையில கெடந்துச்சு, மேல செருப்புக் கால் பட்டு. கூப்பிட்டாச்சு, நீ வரல, நாளைக்கு வான்னுட்டான் சீட்டுக் கூப்பிடுத ஆளு, முகத்தைக்கூட நிமிந்து பாக்கல. அம்மை அந்தச் சீட்டை எடுத்து, மண்ணைத் துடைச்சு, இடுப்புல சொருகிக்கிட்டு நடந்தா. மறுநாள் லீதியாவுக்குக் காலு ரெண்டும் துணி மாதிரி தொங்குச்சு. நான் நர்சு, எனக்குத் தெரியும், அன்னைக்கு டாக்டர் பாத்திருந்தாலும் அந்தக் கால் போயிருக்கும், அந்த நோய்க்கு மருந்து கிடையாது. அம்மைகிட்ட எத்தனையோ தரம் சொன்னேன். சாவுத வரைக்கும் அவ நம்பல. தண்ணி குடுக்கப் போனேன்லா, தண்ணி குடுக்கப் போனேன்லான்னுதான் செத்தா. அதனாலதான் அடியில வச்சேன். ஒரு சீட்டுகூட என் கையில இருந்து தரையில விழுந்தது கிடையாது, அதை நான் எந்தச் சபையிலயும் நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். ஆனா இப்ப பயமா இருக்கு. அன்னைக்கும் கூப்பிட்டாவ, நாங்க போவல, அவளுக்குக் கால் போச்சு. இப்பவும் கூப்பிட்டாவ, நான் போவல. அம்மையாவது குழாயடிக்குப் போனா. நான் எங்க போனேன்? வாசலுக்கு நேரா காலை ஊணி ஒக்காந்திருந்தேன். அவ ஜன்னல் போச்சுன்னா, அவ எங்க இருந்து தெருவைப் பாப்பா? உள் ரூம்ல கட்டில்ல போட்டா அவ மூணு மாசம் தாங்க மாட்டா. கர்த்தாவே, எனக்கு ஏன் இப்படி ஒரு கழுத்தைக் குடுத்த, வளையவே மாட்டேங்குது. மேலுக்குச் சரியில்லன்னு சொல்லிரலாமா. ஒரு வார்த்தைதான. லீதியா அதுக்கும் சொல்லி விட்டிருக்கா, "உனக்குப் பொய் வராதுக்கா, மூக்கு விடைச்சிரும், ஜட்ஜம்மா கண்டுபிடிச்சிருவாங்க. ஆனா எந்திரிச்சிரு. கூப்பிட்டா எந்திரிச்சிரு. உன்னாலதான எந்திரிக்க முடியும்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அந்தக் கடைசிச் சொல்லு காலையில இருந்து காதுலயே நிக்கு. தனபாலன் வந்துட்டான். பவுடர் வேற. என்னைப் பாத்துக் கும்பிடுதான், கூறுகெட்ட பய. நானும் கும்பிட்டேன், அவனைவிட நல்லா. டவாலி வாசல்ல வந்து நிக்காரு. "ஜெபக்கனி." அந்தானைக்கு, அடுத்த கூப்பாடு வாரதுக்குள்ள, எந்திரிச்சிட்டேன். முகம் அன்னைக்கு மாதிரியே சூடாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும், காலு நடக்குல்லா.

கூண்டுன்னா சும்மா மரச்சட்டம், என் இடுப்பு உயரம், லீதியா ஜன்னல் உயரம். அதை நினைச்சதும் கையை அதுல ஊணிக்கிட்டேன். டவாலிதான் சத்தியம் சொல்லச் சொன்னாரு, நானும் கூடவே சொன்னேன், சொல்வதெல்லாம் உண்மைன்னு. ஜட்ஜம்மா சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்டு, ஜலதோசம் வேற, மூக்கை உறிஞ்சுக்கிட்டு இருக்கு. ஆவி பிடிம்மான்னு சொல்ல வாய் வந்துச்சு. தனபாலன் வக்கீல் எந்திரிச்சாரு. "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" சுயம்புலிங்கம் என்னைப் பாக்காரு, சொல்லுங்கக்கா, காய்ச்சல்னு சொல்லுங்கன்னு கண்ணாலயே. "இங்கதான் இருந்தேன்." "இங்கேன்னா?" "வெளிய, அந்த பெஞ்சுல." சுயம்புலிங்கம் பேனாவைக் கீழ வச்சிட்டாரு. அந்த வக்கீலுக்கே நம்ப முடியல, பாவம், காமாலைக்குத் தயாரா வந்திருப்பாரு. "உங்கள் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லையா?" சுயம்புலிங்கத்துக்குச் சட்டுன்னு உசுரு வந்துட்டு, ஆமான்னு தலையை ஆட்டுதாரு, விழலன்னு சொல்லுங்க, வயசாச்சு, காது கேக்கலன்னு சொல்லுங்க. எவ்வளவு லேசு! ஒரு 'விழல', ரூமு நிக்கும். மூக்கு விடைக்குதது எனக்கே தெரியுது. "நல்லாக் கேட்டுச்சு. மூணு தரமும் கேட்டுச்சு." டைப் அடிக்கிற பிள்ளை கையை எடுத்துட்டுது. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழட்டுனாங்க. "பிறகு ஏன் நீங்க எந்திரிக்கல?" ஜட்ஜம்மாவே நீங்கன்னாங்க. அது போதும், எனக்கு நாக்கு தானா வந்துட்டு. "அம்மா, நான் ஓ.பி.யில ஆயிரக்கணக்கான பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ. ஒருத்தரையும் மொட்டையாக் கூப்பிட்டது இல்ல. என்னை மொட்டையாக் கூப்பிட்டாவ, எந்திரிக்க மனசு வரல. வரலன்னா சீட்டை அடியில வச்சு கடைசியில கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். நான் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்க அப்படி இல்லன்னு எனக்குத் தெரியாது." தனபாலன் வக்கீல், ஆள் இருந்தும் வேணும்னே வரலன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு குதிக்காரு. ஜட்ஜம்மா அவரைக் கையால அமத்திட்டு, "எது வரைக்கும் இருந்தீங்க?" "இவுக கதவைச் சாத்துத வரைக்கும்." டவாலியைக் காட்டுனேன். என்னப்பா, ஞாபகம் இருக்கான்னு அவங்க கேட்டாங்க. அவரு பட்டையைச் சரி பண்ணிக்கிட்டு முழிக்காரு. "ஒரு அம்மா கடைசி வரைக்கும் இருந்தாங்கம்மா. நான்தான் எந்திரிங்கன்னு சொன்னேன். யாருன்னு தெரியாது. இவங்க மாதிரிதான் இருந்தாங்க, நிமிந்து." ஜட்ஜம்மா ஒரு தும்மல் போட்டுட்டு, கிளார்க்கைப் பாத்துச் சொன்னாங்க: "இந்தக் கட்டை அடியில வைங்க. உத்தரவு கடைசியில."

அடியில. அந்த ஜட்ஜுப் பிள்ளை வாயில இருந்து அந்தச் சொல்லு வந்ததும் எனக்குக் கண்ணு கரிச்சுட்டுது, காட்டிக்கிடல. மறுபடியும் இதே பெஞ்சு. சுயம்புலிங்கம் காப்பி வாங்கித் தந்தாரு, "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க, நான் என்ன வாதாடன்னே தெரியல"ன்னாரு. வாதாடுனாருதான், பாவம், என்னமோ வேணும்னே இல்ல, அறியாமைதான்னு ரொம்ப நேரம் பேசினாரு. அறியாமையா? சரி, போவட்டும், அவரு தொழில் அது. எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிஞ்சுது, ஆட்களும் ஒவ்வொருத்தரா எறங்கிப் போயிட்டாவ. நாய் ஒண்ணு வந்து படுத்துட்டுது. தோத்தா என்ன செய்யன்னு யோசிக்கேன். தோத்தா நானே போய் லீதியாகிட்ட சொல்லணும், சுவத்துக்கு முன்னால நின்னு. பொய் சொல்லி ஜெயிச்சிருந்தா அவ முகத்தைப் பாத்திருப்பேனா? பாத்திருப்பேன், ரூமாவது இருந்திருக்கும். எது சரின்னு இப்பவும் தெரியல. சொன்னது உண்மை, அது மட்டும் தெரியும். டவாலி வெளிய வந்தாரு. வராண்டாவுல நானும் நாயும்தான். என்னைப் பாத்தாரு, ஆனாலும் சட்டம் சட்டம்தான, அந்தக் காலி வராண்டாவைப் பாத்து வாயைத் திறந்தாரு. "ஜெபக்கனி." ரெண்டாவது கூப்பாட்டுக்கு அவரை விடல. எந்திரிச்சு நின்னு, ஓ.பி.யில கடைசி வரிசை வரைக்கும் கேக்குமே அந்தக் குரல்ல சொன்னேன்: "ஜெபக்கனி அம்மா இருக்காங்க." நாய் எந்திரிச்சு ஓடிட்டுது. அவரு சிரிச்சிட்டாரு. "வாங்க"ன்னாரு.

வெளிய வந்து மரத்தடியில நின்னுதான் லீதியாவுக்குப் போன் போட்டேன். நம்பரை ரெண்டு தரம் தப்பாப் போட்டேன். தீர்ப்பை ரத்து பண்ணிட்டாங்கட்டி, ரூமு நிக்கும், கேசு முதல்லேர்ந்து நடக்கும், சர்வேயர் வந்து அளக்கட்டும், நம்ம எல்லைக்கல்லு எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும், தனபாலன் அல்வா குடுத்தது வேஸ்டாப் போச்சுன்னு மூச்சு விடாம சொன்னேன். அங்க தையல் மெசின் சத்தம் நின்னுட்டுது. அழுதாளோ என்னமோ, என்கிட்ட காட்டமாட்டா, நான் வளத்தவதான. பிறகு கேட்டா, "கூப்பிட்டப்ப எந்திரிச்சியாக்கா?"

"எந்திரிச்சேன்ட்டி. முதல் கூப்பாட்டுக்கே."

"பேருக்குப் பின்னால அம்மா போட்டாங்களா?"

"அவரு போடல"ன்னேன். "நானே போட்டுக்கிட்டேன்."